ரோஸ்விதா முட்டையிடாத ஆறு நாட்கள்

டோர்ட்முண்ட் நகரில் டிராம் ஓட்டும் மார்லீஸ் பவ்லாக்கின் மகன் தனிக்குடித்தனம் போன மறுவாரமே அவன் அறையில் பல்லிகள் குடியேறிவிட்டன. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி போட்ட சிறுத்தைப் பல்லிகள். ஆண் ஒன்று, குர்ட். பெண்கள் இரண்டு, பவுலாவும் ரோஸ்விதாவும்.

அந்த வசந்தத்தில் இருவருமே சினையானார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் வயிற்றுத் தோலுக்கடியில் மொச்சைக்கொட்டை மாதிரி இரண்டிரண்டு முட்டைகள் தெரிந்தன. குர்ட் வாலை ஆட்டிக்கொண்டு துரத்துவதை நிறுத்தவில்லை. அவனை ஹாலுக்குக் கடத்தினாள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கடிக்க ஆரம்பித்ததும் ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டி. பெட்டியின் ஒரு மூலைக்கு அடியில் சூட்டுவிரிப்பு, மறு மூலை குளிர்ச்சி, நடுவில் ஓட்டை போட்ட டப்பாவில் ஈரப்பாசி. முட்டையிடும் இடம் அதுதான்.

"எனக்குக் காய்ச்சல் வந்தா ஒரு மாத்திரையை வீசிட்டு வேலைக்குப் போயிடுற. இதுகளுக்குத் தனி ரூம், கீழ ஒத்தடம்" என்றார் கணவர் ஹார்ட்மூட்.

"நீயும் ரெண்டு முட்டை போடு. உனக்கும் டப்பா வாங்கித் தரேன்."

இந்த நேரம் பார்த்துத்தான் ஹார்ட்மூட்டின் அக்கா ஹெட்விக் போன் செய்தார். அவர் வீட்டில் தண்ணீர்க் குழாய்களை மாற்றுகிறார்களாம், ஈஸ்டரோடு சேர்த்து இரண்டு வாரம் தங்க வருகிறாராம். எழுபத்தோரு வயது; ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை முப்பது வருஷம் ஆட்டிவைத்தவர். விருந்தாளிக்குக் கொடுக்க வீட்டில் இருந்ததோ அந்த ஓர் அறை. சினையானவர்களை இடம் மாற்றவும் மார்லீஸுக்கு மனசில்லை. பெட்டிகள் மேல் மேசைவிரிப்பைப் போர்த்திவிட்டு, வருவது வரட்டும் என்று இருந்தாள்.

ஹெட்விக் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"யாரு இது?"

"ரோஸ்விதா. பிள்ளைத்தாச்சி."

"புருஷன்காரன் எங்க?"

"ஹால்ல தனியா அடைச்சு வச்சிருக்கேன்."

"நல்ல காரியம் பண்ணினே. என் வீட்டுக்காரரையும் அப்படித்தான் வச்சிருக்கணும். எனக்குத் தோணாமப் போச்சு."

ஹெட்விக் வந்த மூன்றாம் நாளே பவுலா பாசிக்குள் புகுந்து, முட்டையிட்டு, ஒட்டிய பாசியைத் தட்டிவிட்டு வந்தாள். ரோஸ்விதாவின் கதை வேறு. தோண்டுவாள், நிறுத்துவாள், வெளியே வந்து மூலையில் முகத்தை வைத்துக்கொள்வாள். மறுபடி தோண்டுவாள். சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். மார்லீஸ் பாசியை எடுத்துவிட்டு ஈரமண் போட்டாள், அதையும் கொட்டிவிட்டுப் பெரிய டப்பா வைத்தாள். அரைமணிக்கொரு தரம் மூடியைத் திறந்தாள். வேலைக்குப் போனாலும் டிராமின் கடைசி நிறுத்தத்தில் நின்று போன் போட்டு, "போய்ப் பாரு" என்று ஹார்ட்மூட்டை விரட்டினாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே போய் டார்ச் அடித்தார்.

ஐந்தாம் நாள் விலங்கு வைத்தியரிடம் கேட்டாள். "இன்னும் ரெண்டு நாள் பாருங்க. முட்டை உள்ளேயே சிக்கிக்கிட்டா உயிருக்கு ஆபத்து, கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் அவர். மார்லீஸ் அன்று உருளைக்கிழங்கு சாலட்டைப் பாதியிலேயே தள்ளிவைத்தாள். எழுந்து மறுபடி மூடியைத் திறக்கப் போனாள்.

"மார்லீஸ், கையை எடு" என்றார் ஹெட்விக்.

"சும்மா ஒரு தடவை பாத்துட்டு…"

"காலையிலேருந்து எட்டாவது தடவை. எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு மூத்தவன் பொறந்தப்போ மாமியார் இப்படித்தான் கதவைத் திறந்து திறந்து 'ஆச்சா, ஆச்சா'ன்னு கேட்டாங்க. ஒவ்வொரு தடவையும் வந்த வலி நின்னுபோச்சு. கடைசியில நர்ஸ் அவங்களைக் கேன்டீனுக்குத் துரத்தினப்புறம்தான் அவன் பொறந்தான்."

"இது பல்லி, ஹெட்விக்."

"அதுக்கு வெக்கம் கிடையாதா?"

மார்லீஸ் மூடியிலிருந்து கையை எடுத்தாள். ஹெட்விக் புதுப்பாசி போடச் சொன்னார், விரிப்பால் பெட்டியை நாலாபக்கமும் மூடினார், வாசற்படியில் நாற்காலியைப் போட்டுக் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துவிட்டார். மார்லீஸ் மாலை வேலைக்குப் போனபின் தம்பி டார்ச்சோடு வந்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் பொண்டாட்டி போன் பண்ணினா தூங்கிட்டேன்னு சொல்லு" என்றார்.

மறுநாள் காலை ஹெட்விக் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "உன் ரோஸ்விதா இளைச்சுப் போயிட்டா" என்றார்.

"திறந்து பாத்தீங்களா?"

"நான் ஏன் திறக்கணும்? தண்ணி குடிக்க அவளே வெளிய வந்தா. விரிப்பு ஓரமாத் தெரிஞ்சுது."

பாசிக்குள் இரண்டு முட்டைகள், வெள்ளையாக, தோல் மாதிரி மெத்தென்று. முட்டை புரண்டால் கரு செத்துப்போகும் என்பதால் மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும். தினமும் இருநூறு பேரை ஏற்றிக்கொண்டு டிராம் ஓட்டுகிறவள் பென்சிலை நாத்தனாரிடம் நீட்டினாள். ஹெட்விக் வாங்கி அவரே வைத்தார். அடைகாக்கும் பெட்டியின் சூடு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார். சூடு கூடினால் ஆண், குறைந்தால் பெண் என்று மார்லீஸ் சொன்னாள்.

"அப்போ குறைச்சு வை. இன்னொரு குர்ட்டை நாடு தாங்காது."

ரோஸ்விதா அன்று பதினொரு சிள்வண்டுகளைத் தின்றாள். குழாய் வேலை முடிந்தும் ஹெட்விக் ஒரு வாரம் கூடுதலாகத் தங்கினார். யாரும் காரணம் கேட்கவில்லை.

ரோஸ்விதாவின் முட்டைகளில் ஒன்று பூஞ்சை பிடித்துப் போனது. மற்றது ஜூன் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பொரிந்தது. மார்லீஸ் அப்போது வண்டியில் இருந்தாள். ஹார்ட்மூட் முதலில் போன் போட்டது அக்காவுக்கு, அப்புறம்தான் மனைவிக்கு.

"எப்படி இருக்கா?" என்றாள் மார்லீஸ்.

"ஈரமா இருக்கா. இத்தனூண்டு வாயைப் பொளந்து என்னைப் பாத்துக் கத்துறா. ரொம்பக் கோவக்காரி."

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது ஹார்ட்மூட் அடைகாக்கும் பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நேரமா இங்க இருக்க?"

"இப்பத்தான் வந்தேன்."

பக்கத்தில் மூன்று காலிக் காபிக் கோப்பைகள் இருந்தன.