நீலக்கோடு

எண்பத்தெட்டாம் வருடம் நாகவல்லியின் வயிற்றுவலிக்கு இரண்டு வயது. வலி வந்தால் குப்புறப் படுத்து, வயிற்றுக்கடியில் தலையணையைத் திணித்து அழுத்திக்கொள்வாள். கொஞ்சம் அடங்கியதும் எழுந்து, அண்ணனூரில் ரயிலேறி அம்பத்தூருக்கு வேலைக்குப் போய்விடுவாள். பேட்டரிக்கான ஈயத் தகடு செய்யும் சின்னக் கொட்டகை அது. தகட்டின் ஓரத்தைச் சுரண்டிச் சமமாக்குவது அவள் வேலை.

புருஷன் விட்டுப் போய்விட்டான். ஏழு வயது மகள் வடிவுக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. தான் படுத்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

முதலில் காரணம் சொன்னவள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா.

“தொக்கம்டி இது. துன்னது குடல்ல ஒட்டிகினு கீது. ரயில்வே கேட்டாண்ட ஒரு அம்மா உறிஞ்சி எடுக்குது, வா.”

அந்த அம்மா வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி, கறித்துண்டு மாதிரி எதையோ தட்டில் துப்பிக் காட்டினாள்.

“நான் கறி துன்னு நாலு மாசம் ஆவுதுக்கா,” என்றாள் நாகவல்லி.

“அப்ப நாலு மாசமா வாடகை குடுக்காம உள்ளயே குந்திகினு இருந்துகீது!” என்றாள் குப்பம்மா. அந்த வலியிலும் நாகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வலி போகவில்லை. ஒரு டாக்டர் குடல்வால் என்று சொல்லி அறுத்து எடுத்தார். தையல் காய்வதற்குள் மறுபடியும் வலித்தது.

“வேலைக்கு வரசொல்லதான் வலிக்குமா ஒனக்கு? நல்லா நடிக்கிறம்மே,” என்றார் கொட்டகை மேஸ்திரி அப்பாவு.

கடைசியாகப் போன பெரியாஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருவர், வயிற்றைத் தொடுவதற்கு முன்பே அவள் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். ஈறும் பல்லும் சேரும் இடத்தில், பேனாவால் இழுத்தது போல ஒரு நீலக்கோடு.

“என்ன வேலைம்மா செய்றீங்க?”

சொன்னாள்.

“உடம்புல ஈயம் ஏறியிருக்கு. அதுதான் இந்த வலி. கை கழுவாம ஏதாவது சாப்பிடுவீங்களா?”

“சோறு கழுவிட்டுத்தாம்மா துன்னுவேன். வெல்லம் மட்டும் அப்டியே வாயில போட்டுக்குவோம்.”

“என்ன வெல்லம்?”

“தூசி உள்ள தங்கக் கூடாதுன்னு மேஸ்திரி சாயந்தரம் ஆளுக்கு ஒரு கட்டி குடுப்பாரு. வெல்லம் தூசிய அடிச்சிகினு போயிடுமாம்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “கையில இருக்கற ஈயத்த அந்த வெல்லத்தோட சேர்த்துத்தான் தினமும் முழுங்கியிருக்கீங்க.”

நாகவல்லி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

“நான் பாதிதாம்மா துன்னுவேன். மீதிய முந்தானையில முடிஞ்சி எடுத்துகினு போயி எம் பொண்ணுக்குக் குடுத்துடுவேன்.”

வடிவின் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. அந்தச் சின்ன உடம்புக்கு அது மிக அதிகம் என்றார்கள்.

நாகவல்லி கொட்டகை வேலையை விட்டாள். ஆவடி குவார்ட்டர்ஸில் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். இருவருக்கும் மாதக்கணக்கில் மருந்து நடந்தது. அவளுக்கு வலி நின்றுவிட்டது. வடிவு மட்டும் இரண்டாம் வகுப்பிலேயே தங்கிப்போனாள். நேற்று எழுதிய எழுத்து இன்றைக்கு அவளுக்குப் புதிதாக இருந்தது. டீச்சர் மந்தம் என்றார்.

வேலை முடிந்து வந்ததும் நாகவல்லி சிலேட்டோடு மகள் பக்கத்தில் உட்காருவாள். அவளுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. “இன்னொரு வாட்டி எய்து கண்ணு,” என்பாள். வடிவு அழிப்பாள், எழுதுவாள், அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். எழுதியது சரியா தப்பா என்று சொல்ல நாகவல்லிக்குத் தெரியாது.

விசாரிப்பவர்களிடம் வயிற்றுவலி போய்விட்டது என்று மட்டும் சொல்வாள். எதனால் வந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.