பிள்ளையாருக்குக் காரம் கொடுத்தவள்

யாருடைய உதவியும் இல்லாமல் முன்னேறியவள் என்று என்னைப் பற்றி எங்கள் பகுதியில் ஒரு கதை உலவுகிறது. அதைக் கிளப்பிவிட்டது யார் என்று கேட்டால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நான்தான். இன்று முள்ளியவளையில் எனக்கு ஒரு மில் இருக்கிறது. மிளகாய்க்கு ஒரு மெஷின், மாவுக்கு ஒரு மெஷின். நான் திரிக்கும் கறித்தூள், வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு கடல் தாண்டுகிறது. மகளிர் தினம் வந்தால் ஏதாவது ஒரு மண்டபத்தில் என்னைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, "தனி ஒருத்தியாக நின்று சாதித்தவர்" என்கிறார்கள். நானும் தலையைக் குனிந்து, முகத்தை அடக்கமாக வைத்துக்கொள்கிறேன். அந்த முகத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பழகியிருக்கிறேன் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போரின் கடைசிச் சண்டையில் அப்பா செத்துப்போனார். அப்போது எனக்குப் பதினாறு வயது. அம்மாவும் நானும் வவுனியாப் பக்கம் முகாமில், தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்தோம். அங்கே எல்லாவற்றுக்கும் வரிசை. தண்ணீருக்கும் வரிசை, சோற்றுக்கும் வரிசை. ஒரு நாள் மத்தியானம் என் முறை வந்தபோது சோற்றுக் கிடாரம் காலியாகிவிட்டது. கரண்டி பிடித்தவர் நீட்டியிருந்த என் கோப்பையைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் கையை விரித்தார். அவரில் பிழையில்லை. ஆனால் எனக்குப் பசியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. இனிச் செத்தாலும் ஒருவரிடமும் கை நீட்டுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். முடிவில் குறையில்லை. அதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மாவும் நானும் உரலில் அரிசி இடித்தோம். மாவை வறுத்து, பொதி செய்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு கடை கடையாகக் கொடுத்தேன். மழைக்காலத்தில் ஒருநாள் சைக்கிள் சேற்றில் புதைந்துவிட்டது. வயலில் நின்ற இருவர் "பிள்ளை, பொறு, தூக்கிவிடுறம்" என்று ஓடி வந்தார்கள். "வேண்டாம், எனக்கு ஏலும்" என்றேன். ஏலவில்லை. சைக்கிளும் மாவும் நானும் ஒன்றாக வாய்க்காலில் விழுந்தோம். எழுந்து, தலையில் வழிந்த மாக்கூழைத் துடைத்துவிட்டு, இதெல்லாம் எனக்குச் சாதாரணம் என்பதுபோல் நடந்தேன். அவர்கள் சிரிக்கக்கூட இல்லை. பாவம், பயந்துவிட்டார்கள்.

இப்படிப் பல வருடம் உழைத்து, கடைசியில் அம்மாவின் காப்பையும் விற்றுச் சேர்த்து, பழைய அரைக்கும் மெஷின் ஒன்றை வவுனியாவில் வாங்கினேன். ஒன்றுதான். மிளகாயும் அதில்தான், மல்லியும் அதில்தான், அரிசியும் அதில்தான். மெஷினைக் கொண்டுவந்த லான்ட்மாஸ்டர் வண்டியிலிருந்து அதை இறக்கவும் யாரையும் தொடவிடவில்லை. பெருவிரல் நகம் ஒன்று அன்றைக்குப் போனது. போனால் என்ன, இன்னும் ஒன்பது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு உள்ளுக்குள் பெரிய பயம். மில் சரிவராவிட்டால் மறுபடி உரல்தான். அம்மாவுக்கு அப்போதே வலது தோளைத் தூக்க முடியாது. இடிக்க நின்றால் உதட்டைக் கடித்துக்கொண்டு இடிப்பா. அவாவை இனி உரலுக்கு முன்னால் விடக்கூடாது என்பதற்காகத்தான் நான் இவ்வளவு பாடும் பட்டேன்.

மில் திறந்து சில கிழமைகளில் ஆவணிச் சதுர்த்தி வந்தது. மோதகத்துக்கான மா முழுவதும் என் உபயம் என்று பிள்ளையார் கோயிலில் சொல்லிவைத்தேன். பக்தி ஒரு பங்கு என்றால் விளம்பரம் மூன்று பங்கு. அதை ஒலிபெருக்கியில் எப்படி அறிவிக்க வேண்டும் என்பதையும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

சதுர்த்திக்கு முதல் நாள் முன்வீட்டு அக்கா வாசல் படலையடிக்கு வந்தா. அவா ஒரு வயல்காரரின் மனைவி. ஊரில் கலியாணமோ செத்தவீடோ, எந்த வீட்டுக் குசினியிலும் முதல் ஆளாக நிற்பவா.

"பிள்ளை, தூளும் மாவும் ஒரே மெஷினில ஓடுது. ஒராள் அரைக்க, ஒராள் துடைச்சுக் குடுக்க வேணும். நான் வந்து நிக்கட்டே?"

"வேண்டாம் அக்கா. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ. நான் தனியச் செய்வன்."

அவா படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டா.

அன்று பகல் முழுவதும் ஊருக்கே மிளகாய்த் தூள் திரித்தேன். பிறகு மெஷினைத் துடைத்தேன். வழக்கப்படி இரண்டு கைப்பிடி குறுணல் அரிசி போட்டு ஓடவிட்டு, அதை வெளியே கொட்டினேன். மா வந்து விழும் துணிக்குழாயைக் கழற்றி உதற வேண்டும். அதற்கு ஒருவர் மெஷினைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கழற்ற வேண்டும். அம்மாவின் தோளுக்கு அது ஏலாது. தனி ஆளான நான் அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, போதும் என்று விட்டேன். அதன் மடிப்புக்குள் நாள் முழுவதும் படிந்த மிளகாய் அப்படியே இருந்தது. கோயில் அரிசி சிவப்புப் பச்சையரிசி. மாவும் சிவப்பு, மிளகாயும் சிவப்பு. பிள்ளையாரே வந்து பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

மாவை வறுக்கும்போது தும்மல் பிடித்தது. அம்மாவும் தும்மினா. இருவருடைய மூக்கும் பகல் முழுக்க மிளகாய் நடுவில் கிடந்து மரத்துப்போயிருந்ததால், காரம் என்று தோன்றவில்லை.

"உன்ர வளர்ச்சியைப் பாத்து ஊர்க் கண் பட்டிட்டுது" என்றா அம்மா.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. இந்த வளர்ச்சிக்குக் கண் படாமல் வேறென்ன படும்? அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டா. மிளகாய் வெடித்தது, நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் பெரிய நாவூறு என்பதுதான் கணக்கு. எங்கள் மூக்குத்தான் செத்துப்போயிருக்கிறது என்று இருவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவ்வளவு பெரிய கண்ணூறு பட்டவள் என்ற பெருமையோடு மீதி மாவையும் வறுத்து முடித்தேன்.

மறுநாள் கோயிலில் நல்ல கூட்டம். சேலை கட்டி முன்வரிசையில் நின்றேன். "தன்னந்தனியாக உழைத்து மில் அமைத்த எமது ஊர்ப் பெண்ணின் உபயம்" என்று ஒலிபெருக்கி இரண்டு தரம் சொன்னது. பூசை முடிந்தது. மோதகம் கைகளுக்குப் போனது. முதலில் ஒரு சிறுமி வீரிட்டு அழுதாள். அவளைத் தேற்ற வந்த தாய், தன் வாயில் ஒரு கடி வைத்துவிட்டு மகளோடு சேர்ந்து இருமினா. ஐயர் பாதி கடித்த மோதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேச முடியாமல் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். பயறும் சர்க்கரையும் உள்ளே இனிக்க, வெளியே அப்படி ஒரு உறைப்பு. சனமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார்: "பிள்ளையாருக்கு இண்டைக்குத் தடிமன் சளி எல்லாம் பறந்திருக்கும்."

கூட்டம் சிரித்தது. நான் செருப்பைக்கூடத் தேடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன்பின் யாரும் மில்லுக்கு வரவில்லை. அரிசிப் பையைச் சைக்கிளில் கட்டியவர்கள் என் வாசலைத் தாண்டி அடுத்த ஊர் மில்லுக்குப் போனார்கள். நான் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மெஷினை யாருக்கு விற்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலை பின்பக்கம் தொம், தொம் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அம்மா உரலுக்கு முன்னால். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் உலக்கையைப் போட்டுக்கொண்டிருந்தா.

"விடுங்கோ அம்மா."

"விட்டிட்டு என்னத்தைத் தின்னுறது?" என்றா. கோபமில்லை. சும்மா கேட்டா.

மில்லுக்குள் போய் மெஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன். அது மிளகாயால் வந்த கண்ணீர் என்று சொல்லக்கூட அங்கே மிளகாய் இல்லை.

கதவு தட்டப்பட்டது. முன்வீட்டு அக்கா. இடுப்பில் ஒரு பனையோலைக் கடகம், அதில் வறுத்த மிளகாயும் மல்லியும்.

"திற பிள்ளை. தூள் திரிக்க வேணும்."

"என்னட்டயோ?"

"வேற ஆரிட்ட? மாவுக்கு உன்னட்ட இப்போதைக்கு ஒருத்தரும் வராயினம். ஆனால் தூளுக்கு வருவினம். கோயில் முழுக்க அழுத உறைப்பெண்டு றோட்டால கதைச்சுக்கொண்டு போகினம். எனக்குப் பின்னால இன்னும் நாலு பேர் கடகத்தோட வருகினம்."

அவா உள்ளே வந்தா. என்னைக் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, துணிக்குழாயின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்தா. வழக்கமான பதில் என் வாய்வரை வந்துவிட்டது. பின்பக்கம் உலக்கைச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றேன். "எனக்குத் தனியச் செய்ய ஏலாது."

"அது ஊருக்கே தெரியும்," என்றா அக்கா. "மற்றப் பக்கத்தைப் பிடி."