பாறையை உடைத்த நாளில் நடந்தது

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவின் இடக்கண் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். மலைக்காரர் ஒருவர் அரிவாளோடு வெட்ட வந்தார், அப்பா தடுத்து அடித்தார், பிறகு வெடியிலிருந்து அவரையே காப்பாற்றிக் கண்ணை இழந்தார் என்று நம் வீட்டுக் கல்யாணங்களில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை.

அப்பா பிறந்தது கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில், மழையை நம்பிய ஒரு கிராமத்தில். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். மழை இல்லாத ஒரு வருஷம் மேலூர்ப் பக்கம் கல் குவாரிக்குப் போய், பாறையில் குழி போட்டு வெடிமருந்து அடைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். நிதானமான கை என்று பெயர் எடுத்தார்.

அப்போதுதான் மேற்கே மலையைத் தேசியப் பூங்காவாக்கும் வேலை தொடங்கியிருந்தது. இன்று நாம் வேன் பிடித்துப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிற காட்சிமுனை, அதற்கு ஏறும் சாலை, காவல் கோபுரம் எதுவும் அன்று கிடையாது. யானைத் தடம்தான் பாதை. ஒப்பந்தக்காரர் ஒருவர் அப்பாவையும் குவாரி ஆட்கள் சிலரையும் அழைத்துப் போனார். முதல் கொண்டை ஊசி வளைவை வெட்டும்போதே பாறை சரிந்து ஒருவர் நசுங்கிப் போனார். கோபுரத்துக்குக் கல் சுமந்த இன்னொருவரை யானை மிதித்தது. இருவரையும் சாலையோரத்திலேயே புதைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனதாக அப்பா சொல்வார்.

சாலை உச்சியைத் தொடும் இடத்தில் வீடு அளவுக்கு ஒரு பாறை. அதை ஒட்டி ஏழெட்டுக் குடிசைகள். அங்கிருந்த மலைமக்கள் அந்தப் பாறையைச் சாமியாகக் கும்பிட்டவர்கள். காலி செய்ய மறுத்தார்கள். ஒரு காலையில் மேஸ்திரி வெளியாட்களோடு வந்து ஆளுக்கொரு தடியைக் கொடுத்தார். பாறையில் போட்ட குழிகளில் வெடிமருந்து அடைத்து முடித்திருந்த அப்பாவின் கையில் கடப்பாரை இருந்தது.

குடிசைகளைப் பிய்த்து எறிந்தார்கள். பெண்களைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு பெரியவரின் வாயில் உதை விழுந்து பற்கள் தெறித்தன. செல்லன் என்ற இளைஞர் மட்டும் பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எறங்குடா!" என்று அப்பா கத்தினார்.

"நீ ஒன் ஊருக்கு எறங்கிப் போ. இது எங்க எடம்."

அப்பா ஏறிப்போய்க் கடப்பாரையை ஓங்கி வீசினார். செல்லனின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அப்பாவுக்கே கேட்டதாம். செல்லன் உருண்டு கீழே விழுந்து நினைவிழந்தார். அந்த அமளியில் யாரோ திரியைப் பற்றவைத்துவிட்டார்கள். எல்லோரும் ஓடினார்கள். அப்பாவும் ஓடினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தவர், ஓடிவந்து செல்லனைத் தோளில் தூக்கினார். சரிவில் இறங்கும்போது பாறை வெடித்தது. பறந்து வந்த கல்சில்லு அப்பாவின் இடக்கண்ணில் ஏறியது.

மதுரை ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தார். அதற்குள் காட்சிமுனை திறக்கப்பட்டுவிட்டது. அதன்பின் அப்பா வெடிமருந்தைத் தொடவில்லை. அம்மாவை மணந்து, திருமங்கலத்தில் ஒரு இரும்புக் கடையில் எடைபோடும் வேலை பார்த்து என்னையும் தம்பியையும் படிக்கவைத்தார். எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் கோபம் வந்தால் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிவார். அம்மாதான் குனிந்து பொறுக்குவார்.

சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் இருந்த கடைசி வாரத்தில் அப்பா என்னை அழைத்தார்.

"அவன்கிட்ட அருவா இல்ல ஆத்தா. கையில ஒண்ணுமே இல்ல."

"பெறகு ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"நான் சொல்லல. ஊரு சொல்லுச்சு. நான் இல்லைன்னு சொல்லல."

இதை எழுதப் போகிறேன் என்றதும் சித்தப்பா வருந்தினார். "செத்தவர் பேருக்கு இம்புட்டு அழுக்கு வேணுமா?" என்று கேட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொன்னது அப்பா.

போன மாதம் நானும் தம்பியும் விசாரித்து, மலையடிவாரக் காலனியில் செல்லன் ஐயாவைக் கண்டுபிடித்தோம். வலக்கால் முழங்காலோடு முடிந்திருந்தது. நாங்கள் யார் என்று சொன்னோம். எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"செத்துட்டானா?"

"ஆமாய்யா. போன வருஷம். ஒங்களத் தூக்கிட்டு ஓடுனப்பதான் அவருக்குக் கண்ணு போச்சு."

"தூக்குனது அவனா?" என்றார். இன்னொரு தடவையும் கேட்டார். பிறகு, "எனக்குத் தெரியாது. கண்ணு முழிச்சப்ப காலும் இல்ல, பாறையும் இல்ல" என்றார்.

தம்பி அழுதுவிட்டான். ஐயா அவனைத் தேற்றவில்லை.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்கிய ஓட்டுநர் அண்ணனுக்கும், வருத்தம் இருந்தும் இந்த மலருக்குப் படம் தேடிக் கொடுத்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்லன் ஐயாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர் அப்பாவை மன்னித்தார் என்று நான் எழுத முடியாது. அப்படி அவர் சொல்லவில்லை. நாங்கள் கிளம்ப எழுந்தபோது, "வெயில் எறங்கட்டும், உக்காருங்க" என்று சொல்லி, மருமகளைக் கூப்பிட்டு எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.