ஏழாம் வாரத்தில் கொண்டைக்கடலை

தார்வாட் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் நீலவ்வா பதினாறு வருஷம் ஆஷா என்னும் கிராம சுகாதார ஊழியராக இருந்தாள். நாள் தள்ளிப்போன பெண்களின் உள்ளங்கையில் தானியம் வைத்துப் பாடம் சொல்வாள். ஐந்தாம் வாரம் எள். ஆறாம் வாரம் சோளம். அதற்குள் இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். ஏழாம் வாரம் கொண்டைக்கடலை.

"இத்துனூண்டு இருந்துக்கிட்டு உன்னை எப்படி ஆட்டி வைக்குது பாரு. வாந்தி, மார்வலி, பகல் தூக்கம். உன் மாமியார் தேவலைடி."

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கே நாள் தள்ளியது. சோதனை அட்டையில் இரண்டு கோடு. மகள் அக்ஷதாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பன்னிரண்டு நாளில் குபசம், அந்தப் பக்கத்து வளைகாப்பு. தாய்தான் பச்சைச் சேலையும் வளையலும் கொண்டுபோய் மகளின் மடி நிரப்ப வேண்டும்.

போன வருஷம், தன் மகள் கர்ப்பமாக இருந்தபோதே தானும் கர்ப்பமான ஊர்க்காரி ஒருத்தியைப் பார்த்துப் பக்கத்து வீட்டு சங்கவ்வா கேட்டாள்: "பச்சைச் சேலை ஒண்ணு போதுமா, ஜோடியா வாங்கணுமா?" அன்று சிரித்தவர்களில் நீலவ்வாவும் இருந்தாள்.

அதனால் கணவன் மல்லப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. குபசம் முடிந்த மறுநாள் தார்வாட் போய்க் கலைத்துக்கொள்வதென்று முடிவுசெய்தாள்.

நான்காம் நாள் லேசாக ரத்தம் பட்டது. தானாகவே கலைகிறது என்று நிம்மதியானாள். அடிவயிற்று வலியையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். ஏழாம் நாள் மாலை வலது தோள் வலித்தது. அக்ஷதா போன் செய்தபோது அதைச் சொன்னாள். மகள் ஹுப்பள்ளியில் ஸ்கேன் எடுப்பவள்.

"தோள் மட்டுமா? வயிறு வலிக்குதாம்மா?"

"தடுப்பூசிப் பெட்டி தூக்கினேன்ல, அதான். உனக்கு எதைச் சொன்னாலும் வயிறுதான்."

"நாள் ஒழுங்கா வருதா?"

"அது நின்னு ஆறு மாசம் ஆச்சு, போடி. சேலைக்கு ஜரிகைக் கரை போதுமா, அதைச் சொல்லு."

அக்ஷதா நம்பினாள். தைலம் தேய்க்கச் சொன்னாள்.

கருக்குழாயில் தங்கிய கரு குழாயை உடைக்கும். வயிற்றுக்குள் கொட்டும் ரத்தம் உதரவிதானத்தைத் தொட்டால் வலி தோளில் தெரியும். அக்ஷதா அதைப் படித்துத் தேறியவள். நீலவ்வாவுக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலை அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்தவள் எழவில்லை. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம். வழியிலேயே போய்விட்டாள்.

உடல் வீட்டுக்கு வந்தபோது அக்ஷதாவைச் சங்கவ்வா வாசலிலேயே மறித்தாள். "வயித்துப் பிள்ளையோட பிணத்தைப் பாக்கக் கூடாதும்மா. அங்கேயே நில்லு."

தாயின் முகத்தை அவள் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து பிரேதப் பரிசோதனை அறிக்கைதான் கைக்கு வந்தது. வலது குழாய் வெடிப்பு. கரு ஒன்பது மில்லிமீட்டர்.

ஏழு வாரம். போனில் அம்மா, நாள் நின்று ஆறு மாசம் என்றிருந்தாள்.