பெர்னாட் அண்ணனின் கடைசி ஆல்பமும் என் விமர்சனமும்

பெர்னாட் அண்ணன் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவர் அவருடைய டிரம்மர் பாஷா பாய். ‘அண்ணன் பூட்டாரு. வூட்டாண்ட வா.’ அவ்வளவுதான். நான் அப்போது பத்திரிகை அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய நேர்காணலுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். செய்தியைப் படித்துவிட்டு மீதிப் பக்கத்தையும் திருத்தி முடித்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்வரை வரவில்லை. அண்ணனைத் தெரிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைத்தால் நினைக்கட்டும்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ‘அரை ஷட்டர்’ குழுவில் பாட்டும் கிதாரும் அவர்தான். திருவொற்றியூரில் லாரிக்கு பாடி கட்டும் ஒரு ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில், நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு அது. ஷட்டரை முழுக்க இறக்கினால் உள்ளே வெந்து சாக வேண்டும்; முழுக்கத் தூக்கினால் தெருவே சண்டைக்கு வரும். அதனால் பாதி இறக்கி வாசித்தார்கள், அதுவே பேராகிவிட்டது. அவர்கள் வாசிப்பதற்கு, மேல்நாட்டில் கார் ஷெட்டுகளில் பிறந்த இசைபோல, கராஜ் ராக் என்று பெயர் என்பதை முதலில் போய்ச் சொன்னவன் நான்தான். “ஷெட்டுல வாசிச்சா ஷெட்டு பாட்டு. இதுக்கு இன்னொருத்தன் வந்து பேரு வைக்கணுமா நைனா?” என்றார். அடுத்த போஸ்டரில் பார்த்தால் கராஜ் ராக் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

அந்த ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. பத்திரிகையில் விமர்சனம் வந்தால் எல்லாரும் கூடி உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். திட்டு வாங்கியவன் எவனோ, அவனே எழுந்து நின்று படிக்க வேண்டும். முந்தைய ஆல்பத்துக்கு பேஸ் கிதார்காரர் வாங்கிய திட்டை அவரே படித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் நிற்க, சிரித்துக்கொண்டே படித்தார். “அவன் எழுதினது உன் வாயால வந்துச்சின்னா பாதி வலி பூடும்” என்பது அண்ணனின் கட்சி.

எட்டு வருடம் கழித்து இந்த வருடம் புது ஆல்பம் வந்தது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அறுபதைத் தாண்டிய நான்கு பேர் இன்னும் இத்தனை இரைச்சலாகப் பாடுகிறார்களே என்பதே பலருக்குப் போதுமாக இருந்தது. இரண்டாவது பாட்டின் அடியில் விடாமல் ஓர் உறுமல் கேட்கும். அதைப் பற்றி ஒருவர் அரைப் பக்கம் எழுதினார். வடசென்னை ஆலைகளின் ஒப்பாரியாம். அது பக்கத்துப் பஞ்சர் கடை கம்ப்ரசர். நிறுத்தச் சொல்ல மறந்துபோய் அப்படியே ஒலிப்பதிவு செய்துவிட்டார்கள். “கம்ப்ரசருக்கும் ஒரு மாலை வாங்கிப் போடுங்கடா” என்று அண்ணன் சொன்னதாகக் கேள்வி.

எனக்கு இந்தக் கூத்து எரிச்சலாக இருந்தது. நானும் வடசென்னைதான், எம்.கே.பி. நகரில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்து ஆட்களைப் பரிதாபப்பட்டுப் பாராட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உண்மையைச் சொல்ல ஒருவனாவது வேண்டாமா என்ற திமிரும் கூடச் சேர்ந்துகொண்டது. ‘நாலாவது பாட்டில் பெர்னாடின் குரல் வரியின் கடைசிவரை போய்ச் சேருவதில்லை. சொல் முடியும் முன்பே கைவிட்டுவிடுகிறார். இது வயது அல்ல, அலட்சியம்’ என்று எழுதினேன். அலட்சியம் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். போட்டுவிட்டுத் திருப்தியாக ஒரு டீயும் குடித்தேன்.

பத்திரிகை வெளியான வாரத்தில் அண்ணன் போன் செய்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை.

“நாலாவது பாட்டுல வுட்டுட்டேன்னு எழுதிகீறியே, எந்தெந்த எடம்னு சொல்லு” என்றார்.

எனக்குப் பெருமையாகிவிட்டது. குறிப்பு நோட்டை எடுத்து, எந்த நிமிடம், எந்தச் சொல் என்று வரிசையாகப் படித்தேன். மொத்தம் ஏழு இடம்.

“ஏழா? நான் நாலுன்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றார்.

திரும்பப் பாடிப் பதிவு செய்யப் போகிறார் போலிருக்கிறது, நம் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்ததுகூட எனக்குத் தெரியாது.

ராயபுரம் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அண்ணன் ஐஸ் பெட்டிக்குள் கோட்டு சூட்டோடு படுத்திருந்தார். மேடையில்கூட அவர் கோட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை. பாஷா பாய் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார்.

“உன் விமர்சனத்த அண்ணந்தான் படிச்சாரு. சட்டம்னா சட்டந்தானே. ரெண்டு வரிக்கு ஒருவாட்டி நிறுத்தி மூச்சு வாங்கினாரு. நீ எழுதினா மாரியே நடிச்சிக் காட்றாருன்னு நெனச்சி நாங்க கை தட்னோம்பா. நான் விசில் வேற அடிச்சேன்.”

சொல்லிவிட்டு அவர் நாற்காலிகளை இழுத்துப் போடப் போய்விட்டார்.

உள்ளே ஸ்டெல்லா அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டார்.

“எப்பலேர்ந்து மூச்சு வாங்குதுன்னு டாக்டர் கேட்டாரு தம்பி. ரெக்கார்டிங் அன்னிக்கே ஏழு எடத்துல வாங்கிச்சின்னாரு இவரு. எப்டி இவ்ளோ கரீட்டா சொல்றீங்கன்னு டாக்டருக்கே ஆச்சரியம். நமக்குத் தெரிஞ்ச பையன் ஒர்த்தன் கேட்டு எழுதி வச்சிகீறான்னாரு. நெஞ்சுல தண்ணி கோத்துகினு ரொம்ப நாளாச்சி, லேட்டா வந்துட்டீங்கன்னு டாக்டர் சொல்ட்டாரு.”

வாசலில் இருந்த பெட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, “கூடவே இருந்த எங்க யாருக்கும் தெரில. உனக்குத் தெரிஞ்சிகீது. உடம்புக்கு இன்னான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தம்பி?” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் அழுகையாவது வந்திருக்கும்.

அந்த ஆல்பத்தை ஊரே கேட்டது. ஒரு மனுஷனுக்கு மூச்சு முட்டுவது என் காதில் மட்டும் விழுந்தது. நான் அதைப் பாட்டின் குறை என்று எழுதி என் பெயரையும் அடியில் போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கத்தை இனிமேல் எந்தப் பிழை திருத்தத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணனைத் தெரிந்தவர்களிடம் அவர் பாட்டும் கேலியும் இருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது வேறு. அதை மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். ஏழு இடம் என்று தெரிந்த பிறகும் அவர் உடனே போனை வைக்கவில்லை. மாடிப்படி ஏறி வந்தவர்போல அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தன்மேலேயே கோபம் என்று நினைத்தேன். தணிந்ததும் அவரே பேசட்டும் என்று நான்தான் போனை வைத்தேன்.