பிறந்த வீட்டுக் கோடி

உபதேசியார் பாக்கியநாதனுக்கு ஞானஸ்நானத்துக்கு முன்பு சின்னக்கருப்பன் என்று பெயர். கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அவரைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுத் தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். வளர்த்தது அக்காள் காளியாயிதான். மிஷன் பள்ளிக்கு அனுப்பத் தகப்பன் தயங்கியபோது, "அவன் படிக்கட்டும்ப்பா. அவனுக்கும் சேத்து நான் கொழுந்தெடுக்கிறேன்" என்று அடம்பிடித்து அனுப்பி வைத்தவளும் அவள்தான்.

பள்ளியில் அவருக்கு விசுவாசம் வந்தது. சோற்றுக்காகவோ வேலைக்காகவோ வந்ததல்ல. ஜெபத்தில் உட்கார்ந்தால் கண்ணீர் வரும், அப்படிப்பட்ட விசுவாசம். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு கூச்சமும் வந்தது. உபதேசியாராகி வெள்ளைக் கோட்டு மாட்டியபின், லயத்தில் பிறந்தவன் என்று யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்ற எண்ணம் அவருக்குள் வேர்விட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் அவரை நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஊழியம் செய்ய அனுப்பினார்கள். காளியாயி சோலைமலையைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த தோட்டமும் அதில் இருந்தது. போன முதல் வாரமே அக்காளைப் பார்த்திருக்க வேண்டும். வேலை அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தள்ளிப்போட்டார்.

அந்தத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம். கொழும்பிலிருந்து வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஊழியத்தைப் பார்வையிட வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் சனங்களைக் கூட்டி வைத்துப் பாக்கியநாதன் பிரசங்கம் செய்தார். பாதிரியார் தலையாட்டத் தலையாட்ட அவருக்கு வேகம் ஏறியது. "நீங்கள் கும்பிடுவது வெறும் கல். கல்லுக்குக் காது உண்டா? ஈரம் உண்டா?" என்று கேட்டார். சனங்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பேசி முடித்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, இடுப்பில் கொழுந்து மலைக்குக் கட்டும் படங்குச் சாக்கு. கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி.

"தம்பி, தொண்ட காஞ்சிருக்கும். இந்தா, குடிச்சிக்க."

காளியாயி சிரித்துக்கொண்டு நின்றாள். பாதிரியார் இருவரையும் பார்த்தார். "உங்கள் உறவா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இந்த லயத்து அம்மா" என்றார் பாக்கியநாதன்.

சுற்றி நின்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கெல்லாம் தெரியும். படிச்ச தம்பியைப் பற்றிக் காளியாயி பேசாத நாளே கிடையாது. அவள் பாதிரியாரிடம் திரும்பி, "ஆமாங்க சாமி. நான் எல்லாரையுமே தம்பின்னுதான் கூப்புடுவேன்" என்றாள். கோப்பையைப் பக்கத்திலிருந்த கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த கதையை எத்தனையோ லயங்களில் உருகி உருகிச் சொன்னவர் அவர். அன்று ஜெபிக்க முழங்காலிட்டபோது வாயில் ஒரு சொல் எழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கத்தான் லயத்தில் அவள் குடியிருந்த காம்பிராவுக்குப் போனார். அவள் பாயைத் தட்டி விரித்தாள். "வாங்கய்யா. உக்காருங்க."

"அக்கா..."

"தேத்தண்ணி போடட்டுங்களா? எங்க வீட்டுல குடிப்பீங்களா?"

குத்திக்காட்டிய குரல் அல்ல. துரை வீட்டு ஆளிடமோ வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடமோ பேசுகிற அதே மரியாதை. அதை அவரால் தாங்க முடியவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். அதன் பிறகும் போனார், எப்போதாவது. ஒவ்வொரு முறையும் "வாங்கய்யா"தான். கேட்க வேண்டியதைக் கேட்காமலே வருஷங்கள் ஓடின.

அறுபத்திரண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், நோர்வூட் கடைத்தெருவில் மீராசாஹிப்பின் புடவைக் கடைக்கு ஒதுங்கினார். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க இங்க நிக்கிறீங்களா? காலையில சோலைமலை வந்து கோடிச் சேலை எடுத்துட்டுப் போனாரே. அவரு சம்சாரம் மௌத்தாப் போச்சாம். பொறந்த வீட்டுக் கோடி போட ஆளில்ல, நம்மளே போட்டுக்குவோம்னு சொன்னாரு."

பாக்கியநாதன் கல்லாப்பெட்டிப் பக்கம் போய், "சேப்புச் சேலை ஒண்ணு குடுங்க, முதலாளி. அது என் அக்கா" என்றார். அந்தச் சொல்லை அந்தக் கடைத்தெருவில் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

லயத்து வாசலில் தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. கோட்டு நனைந்து ஒட்ட வந்தவருக்குச் சனங்கள் வழிவிட்டார்கள். சோலைமலை எழுந்து வந்து, "ஒங்களுக்குச் சொல்லியனுப்பக் கூடாதுன்னு சாகுறதுக்கு முந்தியே அவ சொல்லிட்டாளுங்க. ஒங்க வேதக் கோயில் ஆளுங்க முன்னால ஒங்களுக்குச் சங்கடமாயிரும்னு" என்றான்.

அவர் சேலையை அவள்மேல் போர்த்தினார். "அக்கா, நான் சின்னக்கருப்பன் வந்திருக்கேன்" என்று கதறினார். அவள் காதில் அது விழவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி மட்டும், "இப்பவாச்சும் வந்தியேய்யா" என்றாள். அதில் ஆறுதல் இருந்ததா, வசை இருந்ததா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தப்புக்குப் பின்னால் சுடுகாடுவரை நடந்தார். விசுவாசி ஒருவர் அஞ்ஞானச் சடங்கில் கலந்துகொண்டது சரியா என்று சபைக் கமிட்டியில் விசாரணை வைத்தார்கள். "தப்புத்தான் செஞ்சேன். ஆனா அன்னைக்கு இல்ல, ஏழு வருஷத்துக்கு முந்தி" என்று சொல்லிப் பெரட்டுக் களத்தில் நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னார். விசாரணை அதோடு முடிந்தது.

அவர் ஊழியத்தை விடவில்லை. கிறிஸ்துவைப் பற்றித் தொடர்ந்து பேசினார். கல், காது என்ற பேச்சை மட்டும் பிறகு எடுத்ததேயில்லை. எந்த லயத்துக்குப் போனாலும், "நான் காளியாயி தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் வேதத்தைத் திறப்பார். அவளைத் தெரியாத தோட்டங்களில் சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் முகம் அப்போதெல்லாம் சிவந்துபோகும்.