சத்தம் வந்தால் நிறுத்து

எண்பதுகளின் நடுவில், ஆவடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு செல்லோவைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் போவேன். கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில்தான் அதற்கு இடம் கிடைக்கும். கொரட்டூரில் ஏறும் கீரைக்காரம்மா, "இன்னா நைனா, இம்மாம் பெரிய பிடிலு? இத்த எப்புடி தோள்ல வெச்சி வாசிப்ப?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நானும் சளைக்காமல், "காலுக்கு நடுவுல வெச்சி" என்பேன்.

சினிமா ஒலிப்பதிவுதான் பிழைப்பு. அது இல்லாத நாட்களில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நாலு பேருக்கு வீட்டில் சொல்லிக்கொடுப்பேன். அப்போதெல்லாம் ஒலிப்பதிவில் வாத்தியக்காரர்கள் ஐம்பது பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். யாராவது இருமினாலோ நாற்காலி கிறீச்சிட்டாலோ அதுவரை வாசித்த டேக் போச்சு. சத்தம் கேட்ட நொடியே தந்தியிலிருந்து வில்லைத் தூக்கிவிட்டு அசையாமல் காத்திருப்போம். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஒன் மோர்" என்று ஒலிப்பதிவாளர் குரல் வரும். மறுபடி முதலிலிருந்து வாசிப்போம். படத்தில் யார் சாகிறார், யாருக்குக் கல்யாணம், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் எனக்குச் சீக்கிரமே போய்விட்டது.

அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. தியேட்டரில் எத்தனை படம் பார்த்தாலும், அத்தனை பிடிலுக்கு நடுவில் என் வாசிப்பு எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் நான் செய்கிற பயிற்சியை அவள் வாசிப்பில் சேர்ப்பதில்லை. "ஒரு ஞாயித்துக்கெழம நம்ம கோயில்ல ஆராதனைக்கு வந்து ஒரே ஒரு பாட்டு வாசிடா. நீ தனியா வாசிச்சு நான் கேக்கணும்" என்பாள். ஞாயிறன்றுதான் ஒலிப்பதிவு வந்து நிற்கும். ஒரு தடவை போகாவிட்டால் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம். "அடுத்த வாரம்மா" என்று சொல்லியே பத்து வருஷத்தை ஓட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா இறந்துபோனாள். அடக்க ஆராதனையில் அவளுக்குப் பிடித்த பாட்டை நான் வாசிக்க வேண்டும் என்று தங்கை சொன்னாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். மொத்தம் மூன்று சரணம். இரண்டாவது சரணத்தில் தங்கை ஓவென்று கதறினாள்.

என் கை வில்லைத் தூக்கிவிட்டது.

அசையாமல் உட்கார்ந்திருந்தேன். யாராவது "ஒன் மோர்" சொல்வார்கள் என்று, சத்தியமாக, காத்திருந்தேன். போதகர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஜெபத்தை ஆரம்பித்தார். பெட்டியை மூடினார்கள்.

கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டாள். "நான் அழுதது உனக்கு இடைஞ்சலா இருந்துச்சா அண்ணே?"

ஒலிப்பதிவுப் பழக்கத்தைச் சொன்னேன். நம்பினாளோ என்னவோ, அம்மாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சரி. இப்ப முழுசா வாசி."

வாசித்தேன். அவள் முதலிலிருந்து கடைசிவரை அழுதாள். வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கை நிற்கவில்லை, ஒரு ஸ்வரம் பிசகவில்லை. எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதுகூட வேறு யாருக்கோ போல.

முடிந்ததும் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு நிமிஷம்கூட ஆவலியே அண்ணே. இதுக்கா அம்மா பத்து வருஷமா கேட்டுக்கினு இருந்தாங்க?"